கூகைப் பண்ணையின் மரியாதை அறை

பெனிட்டா ரோசாஸுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது வேலை. பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள் கூச்சல் போட்டு, அடித்துக்கொண்டு, ஒருத்தன் வாந்தி எடுத்து, அதைப் பார்த்து இன்னொருத்தி ஒப்பாரி வைத்தாலும் ஸ்டியரிங் மேல் இருக்கும் அவள் கை ஆடாது. ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு பெரிய மனிதர் எதிரே வந்து, "உங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டுவிட்டால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வங்கிக்குப் போனால் குமாஸ்தாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, போன வேலையைச் சொல்லாமலே திரும்பி வந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளைத்தான் அண்ணன் ஃபிடெல் கூகைப் பண்ணைக்குப் போகச் சொன்னான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, போனில்.

பண்ணைக்கு ஸ்பானிய மொழியில் நீளமாக ஒரு பெயர் உண்டு. இரண்டு கூகைகள் என்று அதற்கு அர்த்தம். வாசல் பலகையில் இரண்டு கூகைகள் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெனிட்டாவின் பழங்குடிச் சனத்துக்குக் கூகை என்றால் சாவு. அது கூப்பிடுவது சாகப்போகிறவரின் பெயரை. பெனிட்டா சிறுமியாக இருந்தபோது அந்தப் பலகையைக் கடக்கும்போதெல்லாம் அவள் அம்மா ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு, மறு கையால் பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் கண்களை மாற்றி மாற்றிப் பொத்துவாள். கார் சாலையைவிட்டு இறங்கிப் போனாலும் போகலாம், பிள்ளைகள் கூகையைப் பார்க்கக் கூடாது.

பண்ணை வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் மொயாங்கா என்ற ஊர் இருந்தது. பெனிட்டாவின் சனம் வாழ்ந்த ஊர். பண்ணை பிற்பாடு பாரம்பரியச் சின்னமாகி, அறக்கட்டளை ஒன்றின் கைக்கு வந்தது. அறக்கட்டளைக்கு நல்ல மனசு. மறைந்துபோன மொயாங்காவைக் கௌரவிக்க ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அஸ்திவாரம் தோண்டியபோது மொயாங்காவின் இடுகாடு அகப்பட்டது. உடனே வேலையை நிறுத்தி, தலை குனிந்து மௌனம் அனுஷ்டித்தார்கள். பிறகு அங்கே படுத்திருந்த அத்தனை பேரையும் வெளியே எடுத்துவிட்டு மண்டபத்தைக் கட்டி முடித்தார்கள். எடுத்தவர்களைச் சாம்பல் நிறப் பெட்டிகளில் போட்டு, அதே மண்டபத்தில் குளிரூட்டிய ஓர் அறையில் அடுக்கி, அதற்கு 'மரியாதை அறை' என்று பெயர் வைத்தார்கள்.

திருப்பித் தரச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசு வாஷிங்டனில் வைத்திருக்கும் பழங்குடிப் பட்டியலில் பெனிட்டாவின் சனம் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களுக்கு முன்னோர் மட்டும் எப்படி இருக்க முடியும்? இருந்தாலும் அறக்கட்டளை பெருந்தன்மையாக ஒரு வழி வைத்திருந்தது. ஆண்டுதோறும் வசந்தகாலத்தில் பண்ணையில் நடக்கும் பாரம்பரிய நாள் விழாவுக்கு மொயாங்கா வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் நேரில் வந்து, வரவேற்புரை சொல்லிவிட்டு, விழா முடிந்ததும் கேள்வி நேரத்தில் தன் முன்னோரைக் கேட்கலாம். ஒரு வருடம் கேட்காமல் விட்டால் கோரிக்கை காலாவதி. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபிடெல் பத்துப் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் விழாவுக்கு முந்தின வாரம், மலையடிவாரத்தில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி அன்செல்மோவின் எலுமிச்சைத் தோப்பில் ஒரு பெரிய குழி வெட்டி வைப்பான். திடீரென்று கொடுத்துவிட்டால்? விழா முடிந்து வந்து மூடிவிடுவான். இந்த வருடம் வெட்டிவிட்டு மேலே ஏறும்போது கால் சறுக்கி, அதற்குள்ளேயே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான்.

"நான் எப்படிண்ணே அவங்ககிட்டப் பேசுவேன்?"

"யாரு உன்னைப் பேசச் சொன்னா? கேக்கணும், அவ்ளோதான். 'எங்க ஆளுங்களை எப்பத் தருவீங்க?' 'பரிசீலனையில இருக்கு'ம்பாங்க. ஒரு சாண்ட்விச் குடுப்பாங்க. தின்னுட்டு வா."

"அங்க கூகை இருக்குண்ணே."

"அது பெயிண்டுடி."

"அந்த ரூமும் இருக்கு."

"அந்த ரூமுக்குள்ள என்னையே இத்தனை வருஷமா விட்டதில்லை. உன்னையா விடப்போறாங்க? ஏண்டி, புடிச்சு உன்னையும் டப்பாவுல போட்டுடுவாங்கன்னா பயப்படறே?"

சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். இடுப்பு வலித்ததோ என்னவோ, உடனே அலறினான். நர்ஸ் வந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, ஃபிடெலின் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு பெனிட்டா புறப்பட்டாள். வழியெல்லாம் 'எங்க ஆளுங்களை எப்பத் தருவீங்க, எங்க ஆளுங்களை எப்பத் தருவீங்க' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பலகை வந்ததும் கண்ணை மூடினாள். ஓட்டுவது தான்தான் என்று நினைவு வந்து திறந்தபோது, இரண்டு கூகைகளும் அவளை நேருக்கு நேர் பார்த்தன.

வாசலில் ஒரு தொண்டர் அம்மாள், தலையில் கூகைத் தொப்பி.

"பார்வையாளரா, வம்சாவளியா?"

"என் பேரு பெனிட்டா."

"வம்சாவளின்னா இந்தப் பக்கம்." அம்மாள் அவள் மார்பில் ஒரு வில்லையைக் குத்தினாள். அதிலும் கூகை. அதன் கீழே, 'வம்சாவளி. துணையின்றி நடமாட அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. பெனிட்டாவுக்கு நெஞ்சில் ஒரு பறவை நிஜமாகவே உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. மூச்சை மெதுவாக விட்டாள்.

"பாதையோரம் கயிறு கட்டியிருக்கோம், பாத்தீங்களா? அதைத் தாண்டி மண்ணுல கால் வெச்சுடாதீங்க. அது உங்க முன்னோரோட புனிதமான பூமி."

கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கூடாரம் ஒன்று போட்டிருந்தது. நாலைந்து பேர் நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவங்க... நிக்கறாங்களே?"

"அவங்க கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தவங்க. அவங்களுக்கு அனுமதி உண்டு."

மண்டப வாசலில் டைரக்டர் டெய்ட்ரி ஹால்டேன் காத்திருந்தாள். உயரமான பெண், கழுத்து நிறையச் சிப்பி மாலை. அந்த மாதிரி மாலையைப் பெனிட்டாவின் வீட்டில் யாரும் போட்டு அவள் பார்த்ததில்லை.

"பெனிட்டா! உங்களைக் கட்டிப்பிடிக்கலாமா? வேணாம்னா தாராளமா வேணாம்னு சொல்லலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு."

பெனிட்டா யோசித்து முடிப்பதற்குள் கட்டிப்பிடித்து முடிந்திருந்தது.

"விழாவுக்கு இன்னும் நேரமிருக்கு. என் உரையை ஒரு தடவை கேளுங்க. உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம்." டெய்ட்ரி கண்களை மூடித் திறந்து, கனத்த குரலில் சொல்லத் தொடங்கினாள்.

"இந்த நிலம் எங்களுடையது அல்ல. இதை நாங்கள் ஒருநாளும் மறக்க மாட்டோம். மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே சுற்றிலும் வேலி போட்டிருக்கிறோம். எடுத்தவர்கள் எங்கள் முன்னோர். அதற்காக வருந்துகிறவர்கள் நாங்கள். எடுத்த கைகளே வருந்துவதற்கும் முன்வந்திருக்கின்றன என்பதில் எங்களுக்குப் பணிவான பெருமை உண்டு. இந்த நிலம் தவறான கைகளுக்குப் போய்விடாமல் என்றென்றும் காப்போம் என்று, இதன் உண்மையான சொந்தக்காரர்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறோம்."

கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். பெனிட்டாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தட்டினாள்.

"எழுதும்போது நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா? சரி, அடுத்து நீங்க. உங்க மொழியில எங்களை வரவேற்கணும்."

"எனக்கு அவ்வளவா தெரியாது மேடம். எங்க அம்மா சொல்ற சில வார்த்தைதான். தண்ணி... சாப்பிட வா... 'அதைத் தொடாதே, சுடும்'..."

"எவ்வளவு அழகு! எதை வேணா சொல்லுங்க, யாருக்குத் தெரியப்போகுது? மொழிபெயர்ப்பை நாங்க ஏற்கெனவே அச்சடிச்சுட்டோம்." ஓர் அட்டையை நீட்டினாள். 'எங்கள் முன்னோர் உங்களை மன்னித்து, மகிழ்ச்சியோடு வரவேற்கிறார்கள்' என்றிருந்தது. கீழே கூகை.

பெனிட்டா அட்டையை வாங்கிக்கொண்டாள். "மேடம், எங்க ஆளுங்களை எப்ப..."

"ஐயோ, இப்பக் கேக்காதீங்க. கேள்வி நேரம் விழாவுக்கு அப்புறம்தான். இப்பக் கேட்டா அது கணக்குல சேராது." அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "அதுக்கு முன்னால உங்களுக்கு ஒரு ஆச்சரியம். இந்த வருஷம் உங்களை மரியாதை அறைக்குள்ள கூட்டிட்டுப் போறோம். பத்திரிகைக்கு ஒரு போட்டோ வேணும். உங்க அண்ணன் வருஷாவருஷம் கேட்டாரு. அவரு உணர்ச்சிவசப்பட்டுடுவாரோன்னு அறக்கட்டளைக் கமிட்டிக்குப் பயம். நீங்க எவ்வளவு அமைதியா இருக்கீங்க பாருங்க!"

பெனிட்டா அமைதியாக இல்லை. பயத்தில் உறைந்துபோயிருந்தாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

அறையைக் கவனித்துக்கொள்பவன் ட்ரெண்ட் என்றொரு ஒல்லியான ஆள். கையுறை போட்டிருந்தான். கைப்பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாங்கி வெளியே அலமாரியில் வைத்தான். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கதவில் ஒற்றினான். கனமான கதவு பெருமூச்சுவிட்டுத் திறந்தது. குளிர் வந்து முகத்தில் அடித்தது.

"போட்டோகிராபர் கல்யாணக் கூடாரத்துல நிக்கறாரு. கூட்டிட்டு வந்துடறேன், ஒரு நிமிஷம்" என்று ட்ரெண்ட் வெளியே போனான். கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

பெனிட்டாவின் சனத்தில் செத்தவர்களோடு யாரும் இப்படிச் சும்மா போய் ஓர் அறையில் நிற்பதில்லை. அதற்குப் பாட்டு உண்டு, புகை உண்டு, முன்னால் நடக்க ஒருவர், பின்னால் நடக்க ஒருவர் உண்டு. பெனிட்டாவிடம் கூகை வில்லைதான் இருந்தது. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். இரு பக்கமும் கூரை வரை பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கூகை முத்திரை. கண்ணுக்கு நேரே இருந்த பெட்டியில் 'பெண், முதியவர், பகுதி' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்தது மிகச் சிறிய பெட்டி. 'குழந்தை, முழுமை.'

விளக்கு அணைந்தது.

பெனிட்டாவால் கத்தக்கூட முடியவில்லை. யாரோ அணைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். யார் என்றுதான் நினைத்துப்பார்க்கத் துணியவில்லை. கால் துவண்டு சரிந்தபோது விளக்கு எரிந்தது. அசைவு இருந்தால் எரியும், இல்லாவிட்டால் அணையும் விளக்கு அது. அசையாதவர்களுக்காகவே கட்டிய அறையில் மின்சாரம் வீணாகக் கூடாது என்று யாரோ யோசித்துப் பொருத்தியிருந்தார்கள். அவள் பயந்து அசையாமல் நின்றால் இருட்டும். இருட்டினால் பயம் இன்னும் கூடும். கையை விசிறிக்கொண்டே கதவைத் தட்டினாள்.

கதவின் சிறிய கண்ணாடியில் ட்ரெண்டின் முகம் தெரிந்தது. அட்டையை ஒற்றினான். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி ஒற்றினான். மறுபடி சிவப்பு. கண்ணாடிக்குக் கீழே இருந்த பேச்சுத் துளை வழியாக அவன் குரல் வந்தது.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்களைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேன்."

"பரவாயில்லை. தொறங்க."

"வெளியாள் யாராவது துணையில்லாம உள்ள இருந்துட்டா, கமிட்டி வந்து பாக்கற வரைக்கும் கதவு தொறக்காது. விதி." அவன் கதவில் ஒட்டியிருந்த பலகையைப் படித்தான். "அதுக்கு அடுத்த விதி இன்னும் கொஞ்சம்... 'பழங்குடி மூலம் கொண்ட எதுவும் கமிட்டியின் தீர்மானமின்றி இந்த அறையைவிட்டு வெளியேறக் கூடாது.' 'எதுவும்'னுதான் இருக்கு. 'யாரும்'னு இல்லை. ஆனா நீங்க..."

"நான் இப்பத்தானே தம்பி உள்ள வந்தேன்?"

"அது எனக்குத் தெரியும்மா. கதவுக்குத் தெரியாதே."

டெய்ட்ரி ஓடிவந்தாள். கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு கேட்டாள்.

"பெனிட்டா, நீங்க பாதுகாப்பா உணர்றீங்களா?"

"இல்லை மேடம். கதவைத் தொறங்க."

"உங்க உணர்வை மனசார மதிக்கிறேன். இது எங்களுக்குப் பெரிய பாடம்."

"கதவு, மேடம்."

"தினம் தினம் கத்துக்கிட்டே இருக்கோம்." அவள் குரல் தழுதழுத்தது. "என்கிட்ட ஒரு சாவி இருக்கு. தொறக்கலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க, இந்த விதியை நாங்க போட்டதே உங்க முன்னோரைப் பாதுகாக்கத்தான். உங்களுக்காகவே அதை மீறினா, உங்களையே அவமதிச்ச மாதிரி ஆயிடாதா?"

பெனிட்டா பதில் தேடுவதற்குள் விளக்கு அணைந்தது. கையை விசிறினாள்.

"அடடா, கை காட்டறாங்க" என்றாள் டெய்ட்ரி உருகிப்போய்.

அடுத்து கமிட்டித் தலைவர் வெண்டல் வந்தார். பண்ணையை நிறுவிய குடும்பத்தின் நாலாவது தலைமுறை. எண்பது வயது, வைக்கோல் தொப்பி. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பயப்படாதேம்மா. எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல உங்க ஆளுங்க எத்தனையோ பேர் இங்க வேலை செஞ்சாங்க. யாரையும் பூட்டி வெச்சது கிடையாது. ராத்திரியில மட்டும்தான். அதுவும் ஒரு அக்கறையில. தொறந்து விட்டா நடந்து போயிடுவாங்க."

"எங்க நடந்து போவாங்க ஐயா?" என்று ட்ரெண்ட் கேட்டான்.

"வீட்டுக்குத்தான்" என்றார் வெண்டல்.

வெண்டல் தொண்டையைச் செருமிக்கொண்டு, கமிட்டியைக் கூட்டுகிறேன் என்று போனார். மற்ற உறுப்பினர்கள் மண்டபத்தில் பிரமுகர்களோடு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் கோல்ஃப் மைதானத்தில் இருந்தார், போனில் கலந்துகொள்வார்.

வெளியே அலமாரியில் பெனிட்டாவின் கைப்பை அலறியது. ட்ரெண்ட் போனை எடுத்துப் பேச்சுத் துளையில் வைத்துப் பிடித்தான். ஃபிடெல்.

"கேட்டுட்டியா?"

"அண்ணே, பூட்டிட்டாங்கண்ணே."

"எதை?"

"என்னை. அந்த ரூமுக்குள்ள."

ஃபிடெல் பேசியபோது குரல் அவனுடையதாகவே இல்லை.

"எல்லாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க. சாம்பக் கலர் டப்பா. மேல கூகை குத்தியிருக்கு."

"கூகையா? அவங்க மேலயா?" அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். "சின்னப் புள்ளைங்க இருக்குதா?"

"இருக்குண்ணே." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "பயமா இருக்குண்ணே. கை கால் ஓடலை."

"நீ யாருன்னு அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்லை."

"பின்ன? யாரோ ஒரு பொம்பளை வந்து கூகையைக் குத்திக்கிட்டு சுவத்தோரமா நிக்கறான்னு அவங்கதான்டி நடுங்கிக்கிட்டு இருப்பாங்க. முதல்ல அதைக் கழட்டு. கழட்டிட்டுப் போய் யாருன்னு சொல்லு."

பெனிட்டா வில்லையைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். பெட்டிகளைப் பார்த்துத் திரும்பினாள். பேச வாயைத் திறந்தாள். வந்தது அவளுடைய பஸ் குரல். பயத்தில் அது ஒன்றுதான் கைவசம் இருந்தது.

"எல்லாரும் அப்படியே உக்காருங்க. யாரும் எழுந்திருக்க வேண்டாம். நான் பெனிட்டா. காண்டலாரியாவோட பொண்ணு. டயர் கடைக்குப் பின்னால வீடு. வருஷாவருஷம் வெளியில வந்து நிப்பானே, ஃபிடெல், அவனோட தங்கச்சி. அவன் இடுப்பை உடைச்சுக்கிட்டான், அதான் வரலை. எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. கோவிச்சுக்காதீங்க."

அம்மா சொல்லும் வார்த்தைகளில் நினைவுக்கு வந்ததைச் சொன்னாள். தண்ணி. சாப்பிட வா. அந்தச் சின்னப் பெட்டியின் பக்கம் குனிந்து, குளிருதா என்று கேட்டாள். பயம் போகவில்லை. ஆனால் அவள் கை விசிறாமலே விளக்கு வெகுநேரம் எரிந்தது. அவள் பெட்டி பெட்டியாக நடந்துகொண்டிருந்தாள்.

கமிட்டி கதவுக்கு வெளியே நடையிலேயே நின்றபடி கூடியது. பேச்சுத் துளை திறந்தே இருந்ததால் எல்லாம் உள்ளே கேட்டது.

"ஆறு மாச இரவலா வெளியில விட்டுடலாமே" என்றார் வெண்டல். "மத்த மியூசியத்துக்கெல்லாம் அப்படித்தானே குடுக்கறோம்?"

"மனுஷியை இரவல்னு எழுதறதா? பத்திரிகைக்காரங்க மண்டபத்துல உக்காந்திருக்காங்க" என்றாள் டெய்ட்ரி. "அவங்களை ஒரு பொருள்னு எழுதறது பெரிய அவமானம்."

"பொருள்னு எழுதலைன்னா விதி பொருந்தாதே. விதி பொருந்தலைன்னா எதை வெச்சுக் கதவைத் தொறப்பீங்க?" இது கோல்ஃப் குரல்.

"தனியா அவங்க ஒருத்தரைப் பிரிச்சு எழுதறதுதான் பிரச்சினை. பிரிச்சாத்தான் பாகுபாடு. பொதுவா எழுதுவோம்." டெய்ட்ரி நின்றபடியே சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கோல்ஃப் குரலும் தூக்கியதாகச் சொன்னது. வெண்டல் கையெழுத்துப் போட்டார். மண்டபத்திலிருந்து சங்கு ஊதும் ஓசை வந்தது. விழா தொடங்கப்போகிறது என்று டெய்ட்ரியும் கமிட்டியும் அவசரமாகப் புறப்பட்டார்கள். "படிச்சுக் காட்டிட்டுத் தொறந்துவிடு ட்ரெண்ட்!"

ட்ரெண்ட் படித்தான்.

"'மரியாதை அறையில் இந்த நேரத்தில் உள்ள, பழங்குடி மூலம் கொண்ட அனைத்தும், எவ்விதப் பாகுபாடும் நிபந்தனையும் இன்றி, வம்சாவளிப் பிரதிநிதி பெனிட்டா ரோசாஸின் பொறுப்பில் வெளியே விடப்படுகின்றன.'"

நிறுத்தினான். மறுபடி முதலிலிருந்து படித்தான். 'அனைத்தும்' என்ற இடத்தில் இந்த முறை அவன் குரல் மெதுவாயிற்று. கண்ணாடி வழியாகப் பெனிட்டாவைப் பார்த்தான். பிறகு அட்டையை ஒற்றினான். பச்சை விளக்கு.

கதவு திறந்ததும் பெனிட்டாவின் கால்கள் ஓடத்தான் பார்த்தன. நாலு எட்டு வைத்தால் நடை, அதைத் தாண்டினால் வெயில். ட்ரெண்ட் வழியை மறித்துக்கொண்டு தள்ளுவண்டியோடு நின்றான்.

"அம்மா, உங்க வண்டி எங்க நிக்குது?"

"ஏன்?"

"விதிப்படிதான் கேக்கறேன். தீர்மானத்தை நிறைவேத்தறது என் வேலை."

அவளுக்குப் புரிய கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், இதுவரை பட்டதெல்லாம் பயமே இல்லை என்று ஆகிவிட்டது. இத்தனை பேரையும் யார் கொண்டுபோவது? தானா? பாட்டுத் தெரியாமல், முன்னால் நடக்க ஆள் இல்லாமல்? வழியில் யாராவது நிறுத்தி ஒரு நிமிஷம் பேசலாமா என்று கேட்டால்? ஃபிடெல் இருந்தால் செய்வான். ஃபிடெல் இல்லை. ஃபிடெலை இந்தக் கதவுக்குள் யாரும் விட்டதும் இல்லை.

"பிக்கப்" என்றாள். "பார்க்கிங்ல. தார்ப்பாய் இருக்கு."

சின்னப் பெட்டியை மட்டும் வண்டியில் வைக்க அவள் விடவில்லை. இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். எடையே இல்லை.

பார்க்கிங்குக்குப் போக மண்டபத்துக்கு நடுவேதான் வழி. டெய்ட்ரி மேடையில் 'வேலி போட்டிருக்கிறோம்' என்ற இடத்துக்கு வந்திருந்தாள். பக்கக் கதவு திறந்தது. முன்னால் பெட்டியை அணைத்தபடி பெனிட்டா. பின்னால் அடுக்கிய பெட்டிகளோடு ட்ரெண்ட். டெய்ட்ரியின் வாய் திறந்தபடி நின்றது.

கூட்டத்தில் முதலில் ஒரு பெண் எழுந்தாள். பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. கேமராக்கள் மின்னின. ட்ரெண்ட் இறக்கிவிட்டு வந்து அடுத்த சுமையைக் கொண்டுபோனான். அதற்கும் தட்டினார்கள். வெண்டல் என்னவென்று புரியாமலே தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். அந்தக் கோலத்தில் அவரைப் படம் எடுத்தார்கள். டெய்ட்ரி ஒரு முறை கையைத் தூக்கினாள். பத்திரிகைக்காரர்கள் முகத்தைப் பார்த்தாள். தூக்கிய கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இன்று... நாங்கள்... ஒரு வரலாற்று..." என்றாள். இதற்கு உரையில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

யாரோ பெனிட்டாவின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினார்கள். எதிரே நூறு இஸ்திரிச் சட்டைகள். அவளுடைய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு பெரியவர் கையை நீட்டிக் குழந்தையின் பெட்டியைத் தொட வந்தார். பெனிட்டா பெட்டியை இறுக்கிக்கொண்டு, அம்மா அடுப்பங்கரையில் சொல்லும் அதே அதட்டலோடு, தன் மொழியில் சொன்னாள்:

"அதைத் தொடாதே. சுடும்."

கூட்டம் தன் கையிலிருந்த மொழிபெயர்ப்பு அட்டையைக் குனிந்து பார்த்தது. 'எங்கள் முன்னோர் உங்களை மன்னித்து, மகிழ்ச்சியோடு வரவேற்கிறார்கள்.' பலர் விசும்பினார்கள்.

பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்வரை பெனிட்டா மூச்சுவிட்டதாக நினைவில்லை. மலையடிவாரம் வரை, பின்னால் ஒவ்வொரு கார் வரும்போதும் அது பண்ணையின் கார் என்றே நினைத்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் தார்ப்பாய்க்கு அடியில் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டபோது, பிரேக்கை மெதுவாக மிதித்து, "மன்னிச்சுக்குங்க, ரோடு சரியில்லை" என்றாள். அன்செல்மோ தோப்பு வாசலில் நின்றிருந்தான். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். சொந்தக்காரர்களில் பாட்டுத் தெரிந்த மூன்று பேரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஒவ்வொருவரையும் பெட்டியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றினார்கள். பெட்டிகளைத் தனியாக எரித்தார்கள். வெயில் சாயும்போது குழியை மூடினார்கள்.

திங்கட்கிழமை டெய்ட்ரி போன் செய்தாள். பெட்டிகளைத் திருப்பிக் கேட்கத்தான் என்று பெனிட்டா நினைத்தாள். ஆனால் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வெண்டல் தலை குனிந்து நிற்கும் படம் ஏற்கெனவே வந்துவிட்டது. பல ஊர்களிலிருந்து பாராட்டு குவிந்துகொண்டிருந்தது. இவ்வளவு துணிச்சலாக எப்படிச் செய்தீர்கள் என்று விளக்க டெய்ட்ரியை மாநாடுகளுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விதியை எழுத்து பிசகாமல் பின்பற்றியதற்காக ட்ரெண்டைக் கமிட்டி பாராட்டியிருந்தது. காலி அறையைப் பழைய குளிரிலேயே வைத்து, பார்வையாளர்கள் மௌனமாகச் சுற்றிவர ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

"ஒரு விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றாள் டெய்ட்ரி வருத்தத்தோடு. "அன்னிக்குக் கேள்வி நேரத்துல நீங்க இல்லை. முன்னோரைத் திருப்பித் தரச் சொல்லி இந்த வருஷம் யாரும் கேக்கலை. அதனால உங்க குடும்பத்தோட கோரிக்கை காலாவதி ஆயிடுச்சு. எனக்கு மனசு கேக்கலை. வேணும்னா முதல்லேருந்து தொடங்கலாம்."

"சரி மேடம்" என்றாள் பெனிட்டா. "நன்றி மேடம்."

அடுத்த வாரம் ஃபிடெலை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். வீட்டுக்குப் போகமாட்டேன், தோப்புக்குப் போ என்றான். அன்செல்மோவும் பெனிட்டாவும் சக்கர நாற்காலியை மரங்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனார்கள். எலுமிச்சை பூத்திருந்தது. மூடிய மண் இன்னும் ஈரமாக, கொஞ்சம் மேடாக இருந்தது. ஃபிடெல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் வெட்டியதை வேறொருவர் மூடிய முதல் வருடம் அது. குனிய முடியாததால் அன்செல்மோவிடம் ஒரு பிடி மண் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டான்.

சக்கர நாற்காலி கிடுகிடுவென்று ஆடியது. ஃபிடெல் திரும்பிப் பார்த்தான். பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்த பெனிட்டாவின் இரண்டு கைகளும், தோளும், தாடையும் நடுங்கிக்கொண்டிருந்தன. பல் கிட்டியது.

"ஏய், என்னடி இது? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சே. இப்ப ஏன் நடுங்கறே?"

"இப்பத்தாண்ணே அதுக்கு நேரம் கிடைச்சுது" என்றாள் பெனிட்டா.